கனடாப் பவர் சப்ளையும் சிவப்புச் சுவிட்சும்

இன்று வெள்ளவத்தையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கூடவே, அக்காவை டொராண்டோவில் விட்டுவிட்டு லீவில் தனியே வந்திருக்கும் அத்தான்.

தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளையை எனக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். “ஒரிஜினல் சாமானடா, இங்க எடுக்கேலாது” என்று நேற்றுத் தன் கையாலேயே என் கம்ப்யூட்டரில் பூட்டினார்.

பிளக்கைப் போட்டதும் ஒரு வெடி. ஹார்ட் டிரைவ் இரண்டும் செத்துவிட்டன. ஒன்றில் போன கிழமை நான் எடுத்த கல்யாண வீடியோ. மற்றதில் அதன் கொப்பி. கமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

கடையில் அத்தான் பிரசங்கம் தொடங்கினார். “இலங்கைக் கரண்ட் சரியில்லை. நல்ல சாமான் தாங்காது.”

கடைக்கார நானா எரிந்த பெட்டியைத் திருப்பி, பின்னாலிருந்த சின்னச் சிவப்புச் சுவிட்சைக் காட்டினார். “இது கனடாவுக்குள்ள நூத்திப் பதினஞ்சு வோல்ட்டுல இருக்கு. நம்ம ஊருக்கு இருநூத்தி முப்பதுக்குத் தள்ளிட்டுத்தான் போடணும்.”

அத்தான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “புது டிரைவைப் பெரிசா எடுடா. வீடியோக்கு இடம் வேணும்.”

“எந்த வீடியோக்கு, அத்தான்?”

“அதுகளைத் திரும்ப ஒருக்காத் தாலி கட்டச் சொல்லு” என்று சிரித்தார்.

கல்யாணப் பொம்பிளைக்குக் கொட்டாஞ்சேனையில் நாலு அண்ணன்மார். காலையிலிருந்து வீடியோ கேட்டு மாறி மாறிப் போன் எடுக்கிறார்கள்.

அத்தான் ஞாயிறு வரை இங்கே ஒரு லொட்ஜில்தான். அதன் பெயரையும் அறை இலக்கத்தையும் அண்ணன்மாரில் மூத்தவனுக்கு இப்போதுதான் அனுப்பினேன்.

அக்கா, இதை வாசித்தால் லைக் மட்டும் போடு. அவருக்குப் போன் எடுக்காதே.