எதிர்மலை சொல்லி முடிக்கட்டும்

"வாக்களிப்பீர் குடைச் சின்னம்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு நௌமான் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடிக்கிறார். டிரைவர் கமலேஷுக்கு அது பழகிப்போன சங்கதி. ஜீப்பை நகர்த்தாமல் காத்திருக்கிறார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவில் மோதிய குரல், "...டைச் சின்னம்" என்று சாவகாசமாகத் திரும்பி வருகிறது. அப்புறம்தான் விரல் இறங்கும். "எதிர்மலை சொல்லி முடிக்கறதுக்குள்ள நாம அடுத்த வார்த்தையப் போட்டா, ரெண்டும் கலந்து கூழாயிருமுங்க" என்பார் நௌமான்.

மஞ்சூர்ப் பக்கத்தில் அந்தச் சின்னப் பேரூராட்சிக்கு இருபத்திரண்டு வருடமாகத் தேர்தல் குரல் அவருடையதுதான். மற்ற நாளில் பஜாரில் மைக்செட் கடை. காலையில் ஒருவரை 'ஏழைப் பங்காளர்' என்பார். மத்தியானம் ஜீப்பில் தட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, அவரை எதிர்த்து நிற்பவரையும் அதே ஏழைப் பங்காளர் ஆக்கிவிடுவார். கேட்டால் கோபமெல்லாம் வராது. "பந்தல்காரன் கல்யாணத்துக்கும் போடறான், சாவுக்கும் போடறான். அவனப் புடிச்சு யாராச்சும் கேக்கறீங்களா?" என்பார். அதுவும் நியாயம்தானே!

வெளியே இத்தனை முழக்கம் போடுகிற மனிதர், தேர்தல் வந்துவிட்டால் வீட்டில் ஊமை. தொண்டையைக் காப்பாற்ற மப்ளரைச் சுற்றிக்கொண்டு எல்லாம் சைகைதான். இரண்டு விரல் என்றால் தோசை இரண்டு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'போதும்' என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டல்தான் இந்த முறை வினையாக முடிந்தது. ஒரு நாள் காலையில் மனைவி ஷாயிஸ்தா, "ஏனுங்க, நம்ம வார்டு பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. நான் எலெக்சன்ல நிக்கட்டுங்களா?" என்று கேட்டார். மனிதருக்குக் கண்ணெல்லாம் தோசை மேல். ஆட்டிவிட்டார். மூன்றாம் நாள் வேட்பாளர் பட்டியலில் மனைவியின் பெயரைப் பார்த்த பிறகுதான் விக்கல் எடுத்தது.

அதற்குள் அதே வார்டில் குடைச் சின்னத்தில் நிற்கும் மரகதத்துக்குச் சொல் கொடுத்தாகிவிட்டது. மரகதம் விவரமானவர். "பாய், இந்த வாட்டி எனக்கு மட்டுந்தான் பேசோணும். எதிர்த்து நிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று முதலிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்.

ஷாயிஸ்தா ஒன்றும் விளையாட்டுக்கு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருக்குத் தையல் கடை. கடையைத் திறந்தால் பூட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவர். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கென்று கழிப்பறை கட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், பூட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வருடமாகிறது. "நாலு மனு குடுத்துப் பாத்துட்டனுங்க. இனி உள்ள போயி உக்காந்துதான் சாவியக் கேக்கோணும்" என்று தையல் இயந்திரச் சின்னத்தில் இறங்கிவிட்டார்.

புருஷனிடமும் கேட்டுப் பார்த்தார். "எனக்கு ஒரே ஒரு ரவுண்டு பேசுவீங்களா?"

நௌமான் மப்ளரை அவிழ்த்து வாயைத் திறந்தே பதில் சொன்னார். "சொன்ன சொல்லு மாறுனா அப்பறம் இந்த ஊர்ல என் குரலுக்கு என்ன மரியாதை, ஷாயிஸ்தா?"

"சரிங்க" என்று எழுந்து போனவர்தான். அன்று முதல் வீட்டில் சைகை இரண்டு பக்கமும் ஆயிற்று. தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் வரும் மிளகுப் பாலும் நின்றுபோனது. ஷாயிஸ்தா படியேறி இறங்கி வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். நௌமானின் தொண்டை நாளுக்கு நாள் கரகரத்தது. பாவம், கேட்டு வாங்கிக் குடிக்கவும் முகம் இல்லை.

கடைசி நாள். மாலை ஆறு மணியோடு பிரச்சாரம் முடிகிறது. ஐந்தரைக்கு ஜீப்பின் பின்சீட்டிலிருந்து மரகதம், "பாய், உங்க வீதியிலயும் ஒரு சுத்து போயிரலாமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. நௌமான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. "தாய்மார்களே! உங்கள் வீட்டுப் பெண், ஏழைப் பங்காளர் மரகதம்..." என்று ஒரு சொல் குறையாமல் சொன்னார். கடைசி 'குடை'யில் குரல் கிழிந்தது.

ஷாயிஸ்தா வெளியே வந்தார். கழுத்தில் அளவு டேப், கையில் இரண்டு டம்ளர் மிளகுப் பால். ஒன்றை முன்சீட்டில் நீட்டினார். இன்னொன்றைப் பின்சீட்டில் நீட்டி, "குடிங்க மரகதக்கா, காலையில இருந்து அலையறீங்க. ஆனா வூடு போயிச் சேர்றவரைக்கும் தாங்கிக்கோங்க, பஸ் ஸ்டாண்டுல பூட்டியிருக்குது" என்றார்.

வீதி கொல்லென்று சிரித்தது. மரகதத்துக்குமே சிரிப்பை அடக்க முடியவில்லை.

நௌமான் ஒரே மூச்சில் குடித்தார். பத்து நாளாகக் கரகரத்த தொண்டை திறந்தது. காலி டம்ளரை வெளியே நீட்டி, வீட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தவரை, "ஷாயிஸ்தா!" என்று கூப்பிட்டார். இடது கையில் மைக் இருந்தது. ஸ்விட்சை அணைக்க மறந்தாரா, மறக்கவில்லையா என்று கமலேஷ் இன்றுவரை சத்தியம் செய்ய மாட்டார். ஜீப்பின் தலையிலிருந்த குழாய் ஸ்பீக்கர் அந்தப் பெயரை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கில் கொட்டியது.

"வண்டிய எடுப்பா!" என்று பின்சீட்டிலிருந்து மரகதம் பதறினார். கமலேஷின் கை கியருக்குப் போனது.

நௌமான் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தார்.