கடிகாரத்தின் முதுகைத் திறந்து பார்க்கிறவர்

அவர் சேலத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், யாரிடம் பாக்கெட் கடிகாரம் இருக்கிறது என்று விசாரிப்பார். வாங்கவோ விற்கவோ அல்ல, பின்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு. பழுது பார்க்கிறவர்கள் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்களாம். அதை வைத்து, அந்தக் கடிகாரம் எந்தெந்த ஊரில் யார் யார் கையில் இருந்தது என்று கண்டுபிடிப்பார். இதற்காக யாரும் அவருக்குக் காலணா கொடுத்ததில்லை. பரமத்தி வேலூரில் திருடன் என்று நினைத்து வெற்றிலைத் தோட்டத்தில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மறு ஞாயிறும் அதே ஊருக்குப் போனார். ஒரு கடிகாரம் பார்க்காமல் விட்டுப்போயிற்றாம்.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். ரங்கூனில் துணி வியாபாரம் செய்த அப்பா ஊருக்கு வந்திருந்த சமயம். அப்பாவின் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா கொடுத்த காபி ஆறி ஆடை கட்டியதைப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சரியான கிறுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுக்கவில்லை.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்பாவிடமிருந்து தகவலே இல்லை. நடந்தே தப்பி வந்த சிலர், வழியில் செத்தவர்களின் கதையைச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டுப் பெரியப்பா கருமாதிக்கு நாள் குறித்தார். அம்மா தாலியைக் கழற்ற வேண்டும். அவள் வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வாரம் குமாஸ்தா வந்தார். சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் கல்கத்தாவில் பழைய சாமான் கடையில் வாங்கிய கடிகாரம், சேலத்தில் பழுதுக்கு வந்திருந்ததாம். வழக்கம்போல மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே, எங்கள் வீட்டில் பார்த்திருந்த அதே ராசிபுரத்து ரிப்பேர்காரரின் கீறல். பக்கத்தில் புதிதாக வங்காள எழுத்தில் இன்னொன்று. அப்பாவுடையதுதான் என்று புரிந்ததும் கெஞ்சி இரவல் வாங்கி வந்துவிட்டார்.

"கடிகாரம் கல்கத்தா வந்திருக்குதுங்க. ஆளைப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேனுங்க" என்றார்.

"செத்தவன் மடியிலிருந்து எவனாச்சும் உருவியிருப்பான்" என்றார் பெரியப்பா.

அம்மா கடிகாரத்தைக் கையில் வாங்கினாள். முன்பு இருந்த வெள்ளிச் சங்கிலி இல்லை. பதிலுக்கு முறுக்கிய நூல்கயிறு. அதன் முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"இது எங்கூட்டுக்காரரு போட்ட முடிச்சுங்க."

தறியில் இழை அறுந்தால் நாங்கள் எல்லோரும் வலப்பக்கம் சுற்றி முடிச்சுப் போடுவோம். அப்பா இடக்கைக்காரர், மறுபக்கம் சுற்றுவார். அந்த முடிச்சுகளோடு அம்மா எத்தனை வருஷம் நெய்திருக்கிறாள்!

"வழியில கட்டியிருப்பான். அப்புறம் செத்திருப்பான்." பெரியப்பா விடவில்லை.

குமாஸ்தா கயிற்றை வெளிச்சத்தில் பிடித்தார். மூடியையே பார்த்துப் பழகியவர், கயிற்றை அப்போதுதான் பார்த்தார்.

"மலையும் சேறும் தாண்டி வந்த நூல் இத்தனை வெள்ளையா இருக்காதுங்க. கல்கத்தா வந்தப்புறம் கட்டினதுதான்."

கருமாதி நின்றது.

மாரியம்மன் பண்டிகைக்கு முன்னால் அப்பா எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் காய்ச்சலில் கிடந்தாராம். ஓடாத கடிகாரத்தை ரிப்பேர் செய்து, விற்றுச் சாப்பிட்டிருக்கிறார். அவர் எழுதிய கடிதங்கள் எங்களுக்கு வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு குமாஸ்தா வந்தார். உடம்பு எப்படி என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் வாசலிலிருந்தே, "ஏனுங்க, கல்கத்தாவுல எந்தக் கடையில ரிப்பேருக்குக் குடுத்தீங்க?" என்றார்.

அம்மா சிரித்தாள். அப்பா காணாமல் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று அவருக்குக் காபி போட்டவள் நான்தான். ஆறிப்போனதும் எடுத்துப்போய் மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.