விரிசலில் ஒட்டிய பதினோரு கண்ணாடிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. சிவில் டிப்ளமோ படித்தவன். டேப்பை இழுத்துப் பிடித்தால் எத்தனை அடி வருகிறதோ அதுதான் எனக்கு உண்மை. எங்கள் தெருவில் யாருக்காவது அருள் வந்து ஆடினால் எல்லோரையும் போல நானும் கைகட்டித்தான் நிற்பேன், ஆனால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நிற்பேன். அதனால் நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பேய்க்கதை என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது நல்ல உச்சி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற சித்திரை மாதத்தில்.

சுனாமி வந்தது பாருங்கள், அந்த வருஷத்துக் கோடை. நான் ஒரு அலுவலகத்தில் தினக்கூலி ஓவர்சியராக இருந்தேன். ஐந்து வருஷமாகத் தினக்கூலி. எங்களை நிரந்தரம் செய்யப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம். வீட்டில் ஈஸ்வரிக்கு ஏழாவது மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது, தண்ணீர்க் குடம் தூக்கியதுதான் காரணம் என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் எடுப்பது என் வேலை. தேனியில் வாடகை வீடு, குழாய் அடுத்த தெருவில், அந்தக் கோடையில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்று நாலு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அப்போதுதான் அந்தச் சத்திரம் வந்து சேர்ந்தது. கடமலைக்குண்டு போகிற வழியில் ஒரு ஊர், பெயர் வேண்டாம், அங்கே ரோட்டோரம் ஒரு பழைய சத்திரம். கல்தூண், சுண்ணாம்புச் சுவர், மேலே தட்டையான மட்டப்பாக் கூரை. வாசலில் ஒரு சுமைதாங்கிக் கல், இரண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒரு கல், நெஞ்சு உயரத்துக்கு. சத்திரத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்ட வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். இடிக்கக் கூடாது என்று வேலுத்தாய் என்கிற அம்மா கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டார். கலெக்டர் ஒரு குழு போட்டார். தாசில்தார், எங்கள் ஏ.ஈ., அதாவது எனக்கு மேலதிகாரியான பொறியாளர், மதுரையிலிருந்து தொல்லியல்காரர் ஒருவர். மூன்று பேரும் நேரில் பார்த்து, இது காப்பாற்றத் தகுந்த கட்டடமா, இடிக்க வேண்டியதா என்று எழுதித் தர வேண்டும். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் அளந்து வைக்க வேண்டிய கழுதை நான்.

கண்ணாடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பழைய சுவரில் விரிசல் இருந்தால் அது என்றைக்கோ விட்டு நின்றுபோன விரிசலா, இன்னும் விலகிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்டால் ஒட்டிவிட்டுத் தேதி போட்டு வைப்போம். நாற்பது நாள் கழித்துக் கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை, உடைந்திருந்தால் அசைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். சத்திரத்தில் பதினோரு இடத்தில் ஒட்டினேன்.

ஒட்டுகிறபோது வேலுத்தாய் வந்து பக்கத்திலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும், பருத்திக் காட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கெஞ்சுகிற குரலெல்லாம் இல்லை, அதட்டல்தான்.

"தம்பி, நல்லா அளந்துக்க, வேணாங்கல. ஆனா ஒண்ணக் கேட்டுக்க. வீராயின்னு எங்க வம்சத்துல ஒருத்தி நெறமாசத்துல செத்துப் போனா. வயித்துச் சுமையோட போனவளாச்சேன்னு அவ அண்ணந்தேன் இந்தக் கல்ல நட்டு, பக்கத்துல சத்திரத்தையும் கட்டுனாக. சத்திரம் போனா கல்லும் போகும். கல்லு போச்சுன்னா அவ எங்கன போய் எறக்குவா?"

"அதெல்லாம் நம்பிக்கைம்மா," என்றேன் நான், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"நம்பிக்கைதேன். முந்தியெல்லாம் வருசநாட்டுல இருந்து எலவம்பஞ்சும் புளியும் தலைச்சுமையா வரும். இங்கன எறக்கி வச்சு மூச்சு விடுவாக. ஒவ்வொருத்தர் எறக்குறப்பயும் அவளுக்குக் கொஞ்சம் கொறையும்னு சொல்லுவாக. இப்ப எல்லாம் வண்டியில போகுது, எவன் எறக்குறான்?"

நாள் ஓடியது. முப்பத்தெட்டாவது நாள் போய்ப் பார்த்தேன், பதினொன்றும் முழுசாக இருந்தது. பார்க்க எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. அலுவலகம் வந்து ஏ.ஈ.யிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கடைகள் யார் யாருக்கு என்று அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

"இங்க பாருப்பா, கண்ணாடி ஒடையலைன்னா கட்டடம் நல்லா இருக்குன்னு மதுரைக்காரரு எழுதிட்டுப் போயிருவாரு. நாள மறுநாள் குழு வருது. ஒன் பேரு லிஸ்ட்ல இருக்கு. அது இருக்குறதும் போறதும் ஒங் கையிலதான். கண்ணாடிதான, காத்தடிச்சாக்கூட ஒடையும்."

அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கணக்கில்லாமல் புரண்டு படுத்தேன். பிள்ளை பிறக்கப் போகிறது, நிரந்தர வேலை, ஒரு பழைய சுவர், என்றைக்கிருந்தாலும் விழப் போகிற சுவர், அதற்காக என் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். விடிந்ததும் தண்ணீர் வரிசைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஊரார் காட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சத்திரத்துக்குள் நுழைய முடியும் என்று கிளம்பிவிட்டேன். "தண்ணி எடுத்துராத, நான் வந்து பாத்துக்கறேன்," என்று ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அது சத்தியம்.

போயும் உடனே கை வரவில்லை. ஊருக்குள் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன், சத்திரத்தைச் சுற்றி நடந்தேன், திரும்பவும் டீக்கடை. உள்ளே போகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஸ்குரூடிரைவர் பிடியால் முதல் கண்ணாடியைத் தட்டினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாவதைத் தட்டினேன் பாருங்கள், அப்போது வெளியே யாரோ சுமையை இறக்குகிற சத்தம் கேட்டது. கல்லின்மேல் கனமான பொருளை வைத்தால் வருகிற சத்தம். அதோடு ஒரு பெண்பிள்ளை மூச்சு விட்டாள். "உஸ்ஸ்… யப்பாடி" என்று, நாள் முழுக்கச் சுமந்தவர்கள் விடுவார்களே, அப்படி.

வேலுத்தாய்தான் வந்துவிட்டார், மாட்டினோம் என்று நினைத்தேன். ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் இல்லை. அங்கே ரோடு இரண்டு பக்கமும் நேராகப் போகும், அரை பர்லாங்குக்கு ஒரு ஆடு நின்றால்கூடத் தெரியும், யாரும் இல்லை. ஆனால் சுமைதாங்கிக் கல்லின்மேல் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. குடத்தின் அடி பதிந்த வட்டம். அதிலிருந்து தண்ணீர் வழிந்து நட்ட கல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்தக் கல் அந்த வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். அந்த ஊர்க் கிணறு வற்றி மூன்று மாதம், குழாயும் கிடையாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு, திரும்ப உள்ளே போய் மிச்சம் இரண்டையும் உடைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. குறிப்பு நோட்டில் "பதினொன்றும் உடைந்துள்ளன" என்று எழுதி, நேரமும் போட்டேன், பன்னிரண்டு முப்பத்தைந்து.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஈஸ்வரி ஒரே சண்டை.

"ஏங்க, எங்கம்மா குடுத்த பித்தளக் கொடம் போச்சு! பேரு வெட்டுன கொடம்! இப்படியும் திருடுவாகளா?"

விசாரித்தால், மத்தியானம் திடீரென்று குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு குடம் பிடித்துவிடலாம் என்று இவள் போயிருக்கிறாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி நடந்ததும் கண் இருட்டி, அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்திருக்கிறது. குடத்தை இறக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"பின்னாடியே ஒரு அக்கா வந்தாக. 'இங்கன குடு ஆத்தா, நீ கைய வீசி நட'ன்னு கொடத்த வாங்கிக்கிட்டாக. வாங்குன ஒடனே வலி போயிருச்சுங்க, சத்தியமா. நான் முன்னாடி நடந்தேன். சந்து திரும்பிப் பாக்குறேன், ஆளும் இல்ல, கொடமும் இல்ல!"

"எத்தன மணி இருக்கும்?"

"பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு மணி அடிச்சுக் கொஞ்ச நேரம். கொடம் போச்சுங்கறேன், மணியக் கேக்குறாரு பாரு!"

சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு. தேனிக்கும் அந்தச் சத்திரத்துக்கும் நடுவே பஸ்ஸில் போனாலே ஒரு மணி நேரம் ஆகும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான் என்று சொல்லி மோர் கொடுத்தாள். என் பிள்ளை தப்பியது இவள் வாயால் எனக்குத் தெரிகிறது, அதே நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று கல்லைப் பற்றியோ வீராயியைப் பற்றியோ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் குழு வந்தது. வேலுத்தாயும் ஊர்க்காரர்கள் சிலரும் வாசலில் நின்றார்கள். உடைந்த கண்ணாடிகளைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. ஏ.ஈ. என் நோட்டை விரித்து, "பாருங்க சார், பதினொண்ணும் போச்சு, கட்டடம் ஆடுது," என்றார். மதுரைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எப்ப உடைஞ்சது தம்பி?"

"நேத்து மத்தியானம் சார்."

"பதினொண்ணும் ஒரே நாள்லயா?"

"ஆமா சார். நான்தான் உடைச்சேன்."

எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்துவிட்டது. தாசில்தார் பேனாவை மூடினார். ஏ.ஈ. "வெயில்ல ஒளறுறான் சார்," என்றார். நான் திரும்பவும் சொன்னேன். வேலுத்தாய் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மதுரைக்காரர் தன் ஆட்களை வைத்துப் புதுக் கண்ணாடி ஒட்டினார். அந்த முறை ஒன்றுகூட உடையவில்லை. கடைகளைப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள், சத்திரமும் கல்லும் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள். இப்போதும் போனால் பார்க்கலாம். நான் ஒரு காண்டிராக்டரிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். குறையில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் உங்களைப் போலவே, தற்செயல், வெயில் மயக்கம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் இருக்கும். ஈஸ்வரி பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அந்த அக்காவத் திருடின்னு திட்டுனேன்ல, பாவங்க. அவுகளும் மாசமாத்தான் இருந்தாக. நெறமாசம், மூச்சு வாங்குது. நீங்க இருக்குற இருப்புல வேணாங்க்கான்னு கொடத்த நான் குடுக்க மாட்டேன்னேன். கேக்கலயே."

"என்ன சொன்னாக?"

"'எனக்குப் பழகிப் போச்சு ஆத்தா. நீயாச்சும் எறக்கு'ன்னாக."

பிள்ளை எண்ணெய்க் கையில் வழுக்கிச் சிரித்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தச் சத்திரத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று அந்த ஊரில் இன்றைக்கும் மரியாதையாகப் பேசுகிறார்கள், போனால் இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. அத்தனை காலம் ஊரே வந்து இறக்கிவைத்த பிறகும் அவள் இன்னும் சுமந்துகொண்டுதான் நடக்கிறாள் என்றால், நான் அங்கே எதைக் காப்பாற்றினேன்? ஈஸ்வரியிடம் இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. என்றைக்காவது அந்த அக்காவை ரோட்டில் பார்த்தால் குடத்தைக் கேட்பதற்குப் பதில் நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.