முன்கூட்டியே எடுத்து வைக்கும் படம்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தவரை எனக்கு யாரைப் பார்த்தும் பயம் வந்ததில்லை. பெண் பெயருக்குப் பின்னால் போட்ட பட்டத்தில் ஒரு எழுத்து குறைந்தால் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான். பதிலுக்கு நானும் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

இராஜபாளையத்தில் வீட்டு முன்னறையிலேயே என் தொழில். பேண்டேஜ் கம்பெனிகளுக்குப் பாக்கெட் கவர், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்கு அட்டைப்பெட்டி, பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவர் போனிலும் டிசைன் செய்யும் ஆப் வந்துவிட்டது. நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை தன் அக்காள் பத்திரிகையைத் தானே செய்து, சரியாக இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்டது. இனி இதை நம்பினால் அடுப்பு எரியாது என்று புரிந்தது. வேலையை விரிக்க வேண்டியதாயிற்று.

முதலில் விசேஷ வீடுகளை லைவில் காட்டினேன். ஸ்டாண்டில் கேமரா போனை மாட்டி லிங்க் அனுப்பினால் துபாயில் இருக்கும் மாமா மொய் எழுதுகிறவர் முகத்தைக்கூடப் பார்க்கலாம். அடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவருக்கு நல்ல படமே இருக்காது. ஏதாவது கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டித் தருவார்கள், தோளில் வேறு யாருடைய கையோ ஒட்டிக்கொண்டு வரும். எரிச்சலில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. 'வீட்டுப் பெரியவர்களை உங்கள் வீட்டிற்கே வந்து அழகாகப் படம் எடுத்துத் தருகிறோம்' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். எதற்கு அந்தப் படம் என்று எழுதவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் புரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி இருக்கும் வன்னியம்பட்டியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். கணவனும் மனைவியும் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். காலையில் கஞ்சி ஊட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் போனால் மாலையில்தான் வந்து திறப்பார்கள் என்று, நான் படமெடுக்கப் போனபோது மருமகள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டிலில் பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தோம். உடம்பில் சதையே இல்லை, கண் மட்டும் தெளிவாக இருந்தது. நான் கேமராவைச் சரிசெய்வதைக் கவனமாகப் பார்த்தார்.

"எதுக்குத் தாயி போட்டோ?"

பென்ஷன் ஆபீசில் கேட்டார்கள் என்று மகன் முந்திக்கொண்டு சொன்னார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். வாய் நீளமான நான் லென்ஸைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். படம் எடுத்து முடித்ததும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தன் மகளுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லி, நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். அங்கேயே அனுப்பினேன். அப்பா இவ்வளவு மெலிந்துவிட்டாரே என்று அந்தப் பெண் பதில் போட்டிருந்தாள்.

அடுத்த நாள் மாலை மகன் போன் செய்தார். போஸ்டர் டிசைனையும் முடித்துவிடச் சொன்னார். முன்கூட்டியே டிசைன் செய்து வைப்பவர்கள் உண்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைப்போம். வழக்கம்போலத் தேதியைக் காலியாக விடுகிறேன் என்றேன்.

"வேண்டாம்க்கா. வெள்ளிக்கெழமைன்னே போட்ருங்க."

அன்று செவ்வாய்க்கிழமை.

எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கும் வயதானவரை ஒருநாள் விடியலில் உட்காரவைத்துத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு இளநீர் கொடுப்பார்கள். குளிர் ஏறி, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. குளிப்பாட்டியாச்சு என்பார்கள், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இப்போதெல்லாம் அப்படி நடப்பதில்லை என்றும் அதே ஆட்கள் சொல்வார்கள்.

எப்படியாவது நாளைத் தள்ளவேண்டும் என்ற ஒரே நினைப்பில், படம் சரியாக வரவில்லை, முகம் களையில்லாமல் இருக்கிறது, இன்னொரு முறை எடுத்தால்தான் போஸ்டர் எடுப்பாக இருக்கும் என்று அளந்தேன். ஒரு வாரமாவது இழுக்கலாம் என்று என் கணக்கு. மகன் உடனே வழி சொன்னார்.

"அப்ப நாளைக்குக் காலைலயே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிருதோம்க்கா. பொறவு வந்து எடுங்க, மூஞ்சி தெளிவா இருக்கும்."

போனை வைத்துவிட்டார். காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அந்தப் பெரியவருடைய நாளை நானே முன்னால் இழுத்துவிட்டிருந்தேன்.

போலீசுக்குப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். போய் என்ன சொல்வது? ஒருவர் தன் அப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கப் போகிறார் என்றா? திருப்பூர்ப் பெண்ணை விடாமல் கூப்பிட்டேன், எடுக்கவே இல்லை. விவரத்தை வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். விடியற்காலை நான் வண்டியை எடுக்கும்போதுதான் பதில் வந்தது. நைட் ஷிப்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். கிளம்பிவிட்டாள், வந்துசேர மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழுதுகொண்டே பேசியிருந்தாள்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை எனக்குத் தெரியவில்லை. பால்கோவாக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அந்தப் பால் வாசத்தில் வண்டியை நிறுத்தியபோதுதான் பின்னால் கட்டியிருந்த ஸ்டாண்டைக் கவனித்தேன்.

நான் போனபோது பெரியவரை வீட்டுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டு. பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய அண்டா, கிண்ணத்தில் எண்ணெய், சுவரோரம் இளநீர்க் காய்கள். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் விசேஷத்துக்கு வந்தவர்களைப்போல நின்றிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கொஞ்ச நேரம் முன்னறையில் இருங்கள், கூப்பிடுகிறேன் என்றார் மகன்.

நான் உட்காரவில்லை. கொல்லையில் ஸ்டாண்டை விரித்தேன், திருப்பூர்ப் பெண்ணுக்கு லிங்க் அனுப்பிவிட்டுக் கேமரா போனை மாட்டினேன், பெரியவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். காதுகுத்து வீட்டில் எப்படிச் சொல்வேனோ அதே குரலில் சொன்னேன்:

"லைவ் ஓடுது. உங்க திருப்பூர்த் தங்கச்சி பாத்துட்டிருக்காங்க. நீங்க குளிப்பாட்டுங்கண்ணே."

உறவுக்காரர்களில் ஒருவர் மெல்ல நகர்ந்து கேமராவில் விழாத பக்கமாகப் போய் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவரும் நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. அணைத்துவிடுங்கள் என்று மகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஸ்டாண்டை உதைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அணைக்க மாட்டேன் என்றேன்.

அவரும் அண்டா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்கு நீங்க வந்து அவரத் தூக்கிப் பாருங்கக்கா. ஒரே ஒரு நாளு."

அந்த மனிதரின் உள்ளங்கை முழுக்க வெடிப்பு. ராட்சசன் மாதிரி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பெரியவருக்குப் போர்த்த ஏதாவது கொண்டுவரச் சொல்லி மருமகளை அதட்டினேன். அவள் ஓடிப்போய்ப் போர்வை எடுத்துவந்து அவரைச் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே நின்று அழுதாள்.

வெயில் ஏற ஏற எண்ணெய்க் கிண்ணத்தில் எறும்பு விழுந்தது. பெரியவர் கண்ணெடுக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்கு உட்கார்ந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தார். மத்தியானம் மகள் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கி, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், அப்பாவைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் தெருமுனைவரை காருக்குப் பின்னாலேயே நடந்து போனார்.

அன்றைக்கே அந்த ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். பெரியவர்களைப் படமெடுக்கும் வேலையே வேண்டாம், பேண்டேஜ் கவரோடு காலத்தை ஓட்டலாம் என்று முடிவு செய்தேன். விஷயம் அதோடு நிற்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் கேமரா வைத்த பொம்பளை என்று என்னைப் பற்றிப் பேச்சு பரவியிருக்கிறது. சிலர் திட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து போஸ்டர் வேலை ஒன்றுகூட வருவதில்லை.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. வயதான ஆணின் குரல், பக்கத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல அடக்கிப் பேசினார். வன்னியம்பட்டியில் கேமரா வைத்தது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தங்கள் வீட்டுக்கும் வந்து ஒன்று வைக்க முடியுமா என்றார். கேமரா என்றதும் பழக்க தோஷத்தில், வீட்டில் என்ன விசேஷம் அய்யா என்று கேட்டுவிட்டேன்.

"விசேஷம் ஒண்ணுமில்ல தாயி. எண்ணெய் வாங்கிட்டு வந்துட்டாக."

வீடு எங்கே என்று கேட்டேன்.