இருபத்துமூன்று யோசனைகளும் ஒரு கையெழுத்தும்

நான் வேலை செய்கிற படகுப் பட்டறையில் பக்கத்து மேசைக்காரன் ரொனி, மத்தியான இடைவேளையில் சிகரெட் பெட்டியைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் ஏதாவது கீறிக்கொண்டிருப்பான். நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அருகில் போய் உட்கார்ந்தால் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வான். ஏதோ கெட்ட படம் கீறுகிறான் என்றுதான் கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். ஒருநாள் காற்றுக்கு அது பறந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், நங்கூரச் சங்கிலியைப் பிடித்து நிறுத்துகிற ஒரு கொளுவி. யோசனை நல்லது, ஆனால் ஆணி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. "இதைக் கீழே இறக்கினால் சங்கிலி வழுக்காது" என்று விரலால் தொட்டுக் காட்டினேன். உபகாரம் செய்ததாகத்தான் எனக்கு எண்ணம். ரொனியின் முகம் சிவந்துவிட்டது. பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தவன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவனுடைய பெண்சாதியைப் பார்த்துப் பல்லிளித்தால்தான் இவ்வளவு கோபம் வரும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல எங்கெங்கோ போய் ஒற்றை அறை எடுத்துக் கிடக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் இந்தச் சவுதாம்ப்டனுக்கு வந்து எட்டு வருடமாகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன், உப்பில்லாத சாப்பாட்டுக்கும் பழகிவிட்டேன். வாயைத் திறக்காமல் யோசிப்பது மட்டும் இன்றைக்கும் பிடிபடவில்லை. ஏனென்றால் எனக்கு யோசிக்கப் பழக்கியதே கிண்ணியாத் துறையடிச் சனம்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகப் பாலம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ்சையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை ஒன்று உண்டு. அதைத்தான் நாங்கள் 'பாதை' என்போம். அது ஒருதரம் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வர அதற்கு மனம் வரவேண்டும். அந்தத் துறையடியில் எனக்கும் ஹனீபாவுக்கும் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. ஹனீபா குறிஞ்சாக்கேணிக்காரன், என் வயது. இரண்டு பேரும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஒன்றாக ஃபிட்டர் வேலை பழகினோம். வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது ஒன்றாகவே வெளியே வந்தோம். கையில் தொழில் இருந்தது, என்ன தொழில் செய்வதென்றுதான் தெரியவில்லை. தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கித் தோன்றியதையெல்லாம் எழுதினேன். சைக்கிளில் கட்டுகிற மீன் ஐஸ் பெட்டி, ஈச்சிலம்பற்றுப் பக்கம் வாடகைக்கு விட நெல் சூடடிக்கிற மிசின், தேங்காய் உரிக்கிற பொறி, சோடாக் கொம்பனி. இப்படி இருபத்திரண்டு.

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஹனீபாதான் வழி சொன்னான். "என்னத்துக்கு மச்சான் நாம ரெண்டு பேரும் மூளையைக் கசக்குறது? பாதைக்கு நிக்கிற சனத்துக்கிட்டச் சொல்லுவம். பாதை வாறதுக்குள்ள அவங்கள் சாகடிக்காட்டி அது நல்ல யோசனை." அப்படியே செய்தோம். கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். சனத்துக்கும் பொழுது போகவேண்டுமே. சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவருகிற செல்லாச்சியக்கா ஐஸ் பெட்டியை ஒரே கேள்வியில் முடித்துவிட்டா. "பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஐஸ் எங்கயிருந்து வரும்? உங்கட கொப்பிக்குள்ள இருந்தோ?" சூடடிக்கிற மிசினைப் பற்றி வெருகல் பக்கத்து மனிதர் ஒருவர், "ஆறு பெருகினா மிசினும் நாங்களும் மரத்திலதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஹனீபா அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

கடைசியில் தப்பியது ரெட்டைக் குழாய் ஒன்றுதான். வள்ளத்து எஞ்சினைக் குளிரவைக்கக் கீழே ஒரு குழாய் கடல் தண்ணீரை உறிஞ்சும். அதன் வாயில் பாசி அடைத்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும், யாராவது குதித்துப் பிடுங்கவேண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு குழாய் வைத்தால் என்ன என்று கேட்டவன் ஹனீபா. ஒன்று உறிஞ்சும்போது வெளியேறுகிற தண்ணீரை மற்றதால் விட்டால் அதன் வாய் தானே கழுவுப்படும் என்று சொன்னவன் நான். கைப்பிடி ஒன்றைத் திருப்பினால் இரண்டும் வேலை மாறும். கைப்பிடியை அடியில்தான் வைத்திருந்தோம். அதற்கும் செல்லாச்சியக்காதான் வந்தா. "நடுக்கடலில எஞ்சின் சூடாகேக்க ஆர் குனிஞ்சு தேடுறது? மேல வையுங்கோ." மேலே வைத்தோம். கடற்படைக் கழிவில் வாங்கிய செம்புக் குழாயில் முதல் சோடியைச் செய்து ஓடவிட்டபோது எனக்கு வந்த சந்தோசம் என் கலியாணத்தில்கூட வரவில்லை. பவளம் இதை வாசித்தால் மன்னிப்பாளாக.

அதன்பிறகுதான் எங்களுக்குள் சண்டை. குழாயை ஒரு பெட்டியால் மூடிப் பூட்டுவோம், வேறு ஆள் பார்த்துச் செய்யக்கூடாது என்றேன். ஹனீபா கேட்கவில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கழற்றிக் காட்டினான். மாரிக்கு முதலே பாதி வள்ளங்களில் அது வந்துவிட்டது, எங்களிடம் வாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். "நீ குடுத்துக் குடுத்தே என்னைக் கவிழ்த்துப்போட்டாய்" என்று துறையடியில் வைத்துச் சத்தம் போட்டேன். "மறைச்சு என்ன செய்யப்போறாய் மச்சான்? சனத்துக்குக் கண் இரிக்குத்தானே" என்றான். அந்த ஆத்திரத்தோடுதான் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறை வேலைக்கு ஏறினேன். துறைமுகம் பின்னால் போகும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது. அந்த நீலத் தண்ணீரை இன்னொருதரம் பார்த்திருக்கலாம்.

போன கோடையில் இங்கே ஆற்றுமுகத்தில் பாசி நிறைய வந்தது. பணக்காரர் ஒருவருடைய உல்லாசப் படகு ஒரே வாரத்தில் மூன்று தரம் நின்றுபோனது. நான் பேசாமல் ரெட்டைக் குழாய் ஒன்றைச் செய்து பூட்டினேன். படகு பிறகு நிற்கவில்லை. பட்டறை முதலாளி மிஸ்டர் ஹட்சன் அதைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "இதைப் பதிவு செய்யவேண்டும்" என்றார். பேட்டன்ட் எடுத்துப் பட்டறைக்குத் தந்தால் என்னை ஃபோர்மன் ஆக்கி, பட்டறைக்கு மேலுள்ள வீட்டையும் தருவதாகச் சொன்னார். "மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்." அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. நான் இருக்கிற வீட்டில் அறைக்கு ஒரு ஆள்தான் என்பது வீட்டுக்காரியின் சட்டம். பவளத்தின் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: எங்களை எப்ப கூப்பிடப்போறீங்கள்? நான் வெளிக்கிடும்போது மகள் மஞ்சு சுவரைப் பிடித்து நின்றாள். இப்போது அந்தக் கடைசி வரிக்குக் கீழே தன் பெயரை அவளே எழுதுகிறாள்.

ஹட்சன் என்னை மிஸஸ் கிரே என்ற பேட்டன்ட் நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனார். நரைத்த தலை, மிக நேரான மனுசி. எல்லா யோசனைகளையும் கொண்டுவரச் சொன்னதால் பழைய கொப்பியும் என்னோடு வந்தது. நான் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். பிறகு சட்டத்தைச் சொன்னாள். பதிவதற்கு முன் உலகத்தில் எந்த மூலையிலும் அது வெளியே தெரிந்திருக்கக்கூடாது. கண்டுபிடித்தவர் யார் என்று உண்மையை எழுதவேண்டும்.

"ஐஸ் பெட்டி. இதை யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"எத்தனை பேரிடம்?"

"ஒரு பாதை நிறைய. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னவர்களைக் கணக்கெடுக்க ஏலாது."

பேனாவை மேசையில் வைத்தாள். "ஏன் சொன்னீர்கள்?"

"நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?"

அவளுக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. ரெட்டைக் குழாய்க்கு வந்தபோது நான் வாயைத் திறக்குமுன் ஹட்சன் குறுக்கே விழுந்து, மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறோம் என்று சொல்லிவிட்டார். வாசலில் வைத்து என் தோளில் தட்டினார். "சிலோனுக்குப் போய் வள்ளத்துக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?"

எனக்கும் அதுதான் எண்ணம். கையெழுத்துப் போடத்தான் இருந்தேன், பொய் சொல்லி என்ன. ஆனாலும் மனம் ஒரு சாட்டுத் தேடியது. எட்டு வருடத்துக்குப் பிறகு ஹனீபாவுக்கு ஒரு நீல வான்கடிதம் போட்டேன். பேட்டன்ட் பற்றி மூச்சுவிடவில்லை. அந்தக் குழாய் இப்போதும் வள்ளங்களில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லையென்று வந்தால் என் மனச்சாட்சி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. எனக்கு வேண்டிய பதிலேதான். "ரெட்டைக் குழாயை இப்ப ஒருத்தரும் போடுறதில்ல மச்சான். சல்லியில ஒருத்தர் ஒத்தைக் குழாயின்ட வாயைப் பின்பக்கம் சரிச்சு வெட்டினார். வள்ளம் ஓடுற ஓட்டத்தில பாசி தானா வழுக்கிப் போகுது. கைப்பிடியும் தேவையில்ல. படம் கீறியிருக்கன், உனக்கு அங்க உதவும். உனக்குச் சொல்லாம மாத்திப்போட்டமெண்டு கோவிக்காத. நீ நிண்டிருந்தா இதுக்கும் ஒரு குறை சொல்லியிருப்பாய். செல்லாச்சியக்கா இப்பவும் கேக்கிறா, அந்தக் கொப்பிக்காரத் தம்பி எங்க எண்டு."

படத்தைப் பார்த்தேன். எவ்வளவு சின்ன விஷயம். முதலில் எரிச்சல் வந்தது, என்னைக் கேட்காமல் எப்படி என்று. பிறகு வெட்கம். பிறகு, அந்த வாயை அவ்வளவு சரித்தால் அலையடிக்கும்போது காற்றையும் உறிஞ்சுமே என்று தோன்றியது. உடனே சொல்லவேண்டும் போல வாய் பரபரத்தது. அறையில் சுற்றிப் பார்த்தேன். ஒரு கதிரை, ஒரு கட்டில், ஒரு அலுமாரி. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். துறையடியில் சனத்தோடு நிற்கவேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டதுபோல் வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

திங்கட்கிழமை மிஸஸ் கிரேயின் மேசையில் பேட்டன்ட் படிவம் இருந்தது. நான் மட்டுமே கண்டுபிடித்தேன், வெளியே ஒருவரும் அறியார் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. "இது நான் தனியாகச் செய்ததில்லை" என்றேன். "கைப்பிடியை மேலே வைக்கச் சொன்னது மீன் விற்கிற ஒரு அக்கா." ஹட்சன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல ஏலாது. திட்டவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறதென்று போய்விட்டார். வீடும் அவரோடு படியிறங்கிப் போனது. பவளத்துக்கு என்ன எழுதுவது என்று நினைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தேன்.

மிஸஸ் கிரே கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். இரங்கியிருப்பாள் போல. "ஒருவருக்குமே சொல்லாதது ஒன்றுகூடவா இல்லை?" என்று பக்கங்களைப் புரட்டியவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள். இருபத்துமூன்றாவது யோசனை, அதை மட்டும் இங்கே வந்தபிறகு எழுதினேன்.

சொன்னேன். என் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. கடிதங்கள் தெருக்கதவின் துவாரத்தால் கீழே விழும். துவாரத்துக்கு உள்ளே மெல்லிய தகரத் துண்டொன்றை ஒளித்து வைத்து, கம்பியை வெளிச்சுவரால் என் யன்னலுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதை ரேடியோக் கம்பி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கடிதம் விழுந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரியும். மற்றவர்களுக்கு வருகிற பில்லுக்கும் எரியும். அதற்கும் இறங்கி ஓடுவேன்.

"இதை யாருக்காவது காட்டினீர்களா?"

"இல்லை."

"யோசித்துச் சொல்லுங்கள். அறைக்கு வந்த நண்பர்கள் யாராவது அது எரியும்போது பார்த்திருக்கலாம்."

"என் அறைக்கு ஒருவரும் வந்ததில்லை" என்றேன். "இந்த எட்டு வருடத்தில்."

மிஸஸ் கிரேயின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "அருமை" என்றாள். "அப்படியானால் இது முழுக்க முழுக்க உங்களுடையது." புதிய படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவோடு நீட்டினாள். நான் மட்டுமே, வெளியே ஒருவரும் அறியார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டேன்.