அன்னூரில் மருந்து என்றால்

மதுவிலக்கு இருந்த காலம் அது. எங்கள் ஜில்லாவில் ஆண்கள் ஒளிந்து குடித்தார்கள், பெண்கள் நடுவீட்டில் உட்கார்ந்து குடித்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. பெண்கள் குடித்தது அரிஷ்டம். பிள்ளை பெற்ற உடம்பு தேறட்டும் என்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வரவழைத்து, வீட்டார் தங்கள் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார்கள். அதில் போதை ஊறியிருக்கிறது என்பது குடித்த உடம்புக்குத்தான் தெரியும். போலீஸ்காரருக்கும் மாமியாருக்கும் அது வெறும் மருந்து.

போத்தனூரில் ரயில்பாதையை ஒட்டி எங்கள் சபையார் நடத்திய பெண்கள் இல்லத்தில் நான் வேலை பார்த்தேன். சமையலும் நான்தான், முடியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் நான்தான். வீட்டில் அடி தாங்காமல் வந்தவர்களுக்கான இடம் அது. வந்தவர்களில் பலர் அடியின் வலிக்கு அரிஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதை விட முடியாமல் கிடந்தவர்கள். குடிகாரி என்று அவர்களை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நாங்களும் அதை மருந்து என்றே சொல்லிக்கொண்டோம். 'இன்னைக்கு மருந்து கேக்கலையே' என்றால் அங்கே அது பெரிய பாராட்டு.

இல்லத்தை நடத்தியவர் திருநெல்வேலிக்கார டாக்டரம்மா. பாதி ஆயுசைக் கோயமுத்தூரில் கழித்தும், பேச்சின் கடைசியில் ஒரு 'ங்க' போடக் கற்றுக்கொள்ளாதவர். தங்கமான மனசு. சத்தம்தான் பெரிசு. அவர் பிரார்த்தனை செய்தால் ஸ்டேஷனில் நிற்கிற வண்டிக்கே கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

இல்லத்துக்கு வந்தவர்களில் அன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். அவரைக் கூட்டி வந்தது அவருடைய சொந்த அண்ணன். புகுந்த வீடு பருத்திக்காடும் கிணறும் உள்ள நல்ல நாயக்கர் குடும்பம். தங்கையைப் பவானியில் தன் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, நேரே எங்களிடம் கொண்டுவந்து விட்டார். வந்தபோது அந்தப் பெண்ணால் டம்ளரைக் கூட நேராகப் பிடிக்க முடியவில்லை. முதுகைப் பார்த்துவிட்டு நான் சமையற்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

"அவிய ஒரு நாளும் என்னைய மரியாதை இல்லாமப் பேசுனதில்லீங்க அக்கா," என்று ஒரு நாள் புருஷனைப் பற்றிச் சொன்னார். "'அம்மணி, கொஞ்சம் உள்ள வாங்க'ன்னு கூப்புட்டுப் போட்டுத்தான் கதவச் சாத்துவாங்க."

இன்றைக்குப் போல அதற்கென்று தனி வைத்தியம் எதுவும் எங்களிடம் இல்லை. டாக்டரம்மா அரிஷ்டத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நடுக்கமும் வாந்தியும் வரும்போது நான் உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் என்னைத் திட்டிய திட்டுகளை எழுத முடியாது. மறுநாள் அதே வாயால் மன்னிப்புக் கேட்டு என்னோடு வெங்காயம் உரிப்பார். மெல்ல மெல்லத் தேறினார். முகத்தில் சதை வைத்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதே அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் அவருடைய மகள் பெரியவளானாள். சீர் வைத்திருந்தார்கள். தாய் இல்லாமல் சீர் நடக்குமா? போக வேண்டாம் என்று நான் சண்டையே போட்டேன். கேட்கவில்லை. அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

"தாங்க முடியலைன்னா சொல்லி அனுப்பு, வந்துருதோம்," என்றார் டாக்டரம்மா. அவரும் தலையாட்டினார். எப்படிச் சொல்லி அனுப்ப வேண்டும், யார் எப்படி வர வேண்டும் என்று அன்றைக்கு யாருமே பேசிக்கொள்ளவில்லை. அந்த அரை நிமிஷப் பேச்சு நடக்காமல் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சில மாதங்கள் கழித்து, அன்னூரிலிருந்து கோயமுத்தூருக்குத் தக்காளி கொண்டு வரும் ஒரு பெண்மணி, காலையில் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, நாயக்கரூட்டு அம்மணி மருந்து குடிச்சுப்போட்டாங்களாமுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

பருத்திக்காட்டு ஊர்களில் மருந்து குடித்துவிட்டாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பூச்சிமருந்து அப்போதுதான் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. அது யார் யார் வீட்டில் என்னென்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மா வயிற்றைக் கழுவும் குழாயைத் தூக்கிக்கொண்டார். பக்கத்து ஆஸ்பத்திரி வண்டியைக் கேட்டு வாங்கினோம். டிரைவர் வழியெல்லாம் ஹாரன் அடித்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டாக்டரம்மா தன்னுடைய சத்தத்தில் கேட்டார்: "மருந்து குடிச்ச பொண்ணு வீடு எது?"

டீக்கடையே எழுந்தது. நாங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது பாதி ஊர் பின்னால் நின்றது.

அந்தப் பெண்ணோ முற்றத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறம் மடியிலிருந்து சரிந்தது. டாக்டரம்மா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "உசுரோட இருக்கியா தாயே. எங்க வீட்டுல இருந்து தேறிப் போன பிள்ளையாச்சே, இப்படிப் பண்ணிட்டியேன்னு துடிச்சுப் போயிட்டேன்."

மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து கணவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க" என்று கை கூப்பினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அம்மணி பவானியில இல்லீங்களா இருந்தீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் எங்கள் இல்லத்துப் பேச்சில் சொல்லி அனுப்பியிருந்தார்; நாங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டுவிட்டோம். அவர் குடித்தது அரிஷ்டம். மறுபடியும் விழுந்துவிட்டேன், வந்து கூட்டிப் போங்கள் என்பதுதான் சேதி. அவ்வளவு ரகசியமாக ஒரு தக்காளிக் கூடையில் வைத்து அனுப்பியதை, நாங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து ஊர் நடுவில் கொட்டியிருந்தோம்.

"வந்துரு தாயே, இப்பமே போயிரலாம்," என்றார் டாக்டரம்மா.

அவர் ஊரைப் பார்த்தார். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். தாய் மருந்து குடித்தவள், எங்கேயோ போய் இருந்துவிட்டு வந்தவள் என்று பேச்சு கிளம்பினால் அந்தப் பெண்ணை எந்த வீட்டில் கேட்பார்கள்?

"நான் ஒண்ணும் சொல்லி அனுப்பலீங்களே," என்றார். "ஆரோ தப்பாச் சொல்லிப்போட்டாங்க. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

உதவி செய்கிற சாக்கில் நானும் சமையற்கட்டுக்குள் போனேன். அவர் மூச்சில் அரிஷ்டத்தின் வாசனை இருந்தது. பாலை ஊற்றும்போது பாதி அடுப்பில் சிந்தியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீங்க ஒருத்தரு மட்டும் பஸ்ஸுல வந்திருந்தாப் போதுமுங்க அக்கா. பவானி மதினின்னு சொல்லிப்போட்டு உங்ககூடவே வந்திருப்பனுங்க. பொண்ணையும் கூட்டிட்டு வந்திருப்பேன். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் வெளியே கேட்கும். டம்ளர்களைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்து, "போங்க, ஆறிப்போயிரும்," என்றார்.

காப்பியைக் குடித்தோம். வேறு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கணவர் வண்டிவரை வந்து, டாக்டரம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"இத்தன தூரம் இனிச் சிரமப்படாதீங்க," என்றார். "அம்மணிய நாங்க பாத்துக்கறோமுங்க."

வண்டி திரும்பும்போது அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவது தெரிந்தது.