வடக்கு அகழியும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன், நடந்ததையும் சேர்த்து. படித்துவிட்டு யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குக் கவலையில்லை.

அப்பா பிறந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய கோட்டைக் கழனியில். எந்தச் சிற்றரசன் கட்டிய கோட்டையோ, பெயர்கூட யாருக்கும் தெரியாது. மண் மதில் கரைந்து வெறும் கரையான பிறகு, எங்கள் முன்னோர் முள்ளை வெட்டி உள்ளே நெல் போட்டார்கள். குதிரை கட்டிய இடத்தில் மாடு கட்டினார்கள். உழும்போது கிடைத்த பீரங்கிக் கல்லுருண்டைகளை, வைக்கோல் போர் காற்றில் பறக்காமலிருக்க அப்பா கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். நாலு பக்கமும் அகழி. சித்திரையில் தூர் வாரி, வண்டலைக் கழனிக்குக் கொட்டுவோம். ஐப்பசியில் கழனியில் மிஞ்சும் தண்ணீர் பள்ளமான வடக்கு அகழிக்குத்தான் வடியும். வீட்டில் யார் இறந்தாலும் கடைசிக் குளியலுக்கு அங்கேதான் தண்ணீர் மொள்ளுவோம்; மற்றப் பக்கங்களில் மொள்ளும் வழக்கமில்லை.

தாத்தா இறந்ததும் தன் படிப்பை விட்டுத் தம்பியைப் படிக்க வைத்தவர் அப்பா. அந்தத் தம்பி, என் சித்தப்பா, தன் பங்கைச் சரக்குக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டார். லாரி போக வடக்கு அகழியை மூட வேண்டும் என்றார்.

"மழ பேஞ்சா உள்ள இருக்கிற தண்ணி எங்கடா போவும்?" என்றார் அப்பா.

"இன்னாண்ணா நீ, இப்போ எந்த ராஜா படை எடுத்துக்கினு வரப் போறான்? லாரி வந்து போவ வாணாவா?"

தொழிற்பேட்டைச் சாம்பலைக் கொட்டி அகழியை மூடி, மேலே சிமெண்ட் ரோடு போட்டார்கள். ராஜா வரவில்லை, மழை வந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கழனி முழுகியது. அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரையை வெட்டிப் பார்த்தார். காய்ச்சலில் படுத்தவர் எழவேயில்லை. "கழனி வடிஞ்சிச்சாம்மா?" என்பதுதான் அவர் கடைசியாகப் பேசியது. வடியவில்லை.

மறுநாள் மேளத்தோடு பங்காளிகள் தண்ணீர் மொள்ளப் புறப்பட்டார்கள். முன்னால் சித்தப்பா, தோளில் குடம். பழக்கத்தில் கால் வடக்கே போய்விட்டது. ரோட்டின் நடுவில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. மேளம் நின்றது. காலிக் குடத்தோடு முழித்துக்கொண்டு நின்றார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. விஷயம் தெரிந்ததும் டிரைவர் இறங்கி வந்தார். "சாவு ஊடா சார்? வண்டியில கேன் தண்ணி கீது, எடுத்துக்கோங்க."

ஆயுசு முழுக்க அகழியைத் தூர் வாரிய மனுஷரைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினோம்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், பேர் தெரியாத அந்த டிரைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்யாணப் பத்திரிகையில் இன்னும் 'கோட்டை வீட்டார்' என்று போட்டுக்கொள்ளும் பங்காளிகளே, மிச்ச மூன்று பக்கத்தையும் மூடப் பேச்சு நடக்கிறதாமே? நான் சம்மதிக்க மாட்டேன். வரும் சித்திரையில் அம்மாவும் நானும் தூர் வாரப் போகிறோம். சித்தப்பா, நீங்களும் மண்வெட்டியோடு வாருங்கள். இன்னொரு முறை காலிக் குடத்தோடு வந்து நிற்காதீர்கள்.

— மகள்